ஜன்னலில் வரும் அப்பா

கப்பல் கரையை விட்டு நகர்ந்த கொஞ்ச நேரத்தில் போனில் இருந்த சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போயின. லாரிக்காரனுக்கு அதைப் பார்த்ததும் பரம சந்தோஷம். இனி ஆபீஸிலிருந்து யாரும் கூப்பிட்டு "வண்டி எங்க நிக்குது?" என்று கேட்க முடியாது. போனைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, வேலை முடிந்தது என்பதுபோல் இரண்டு கையையும் தட்டிக்கொண்டான். பெட்டிக்குள் போட்டுப் பூட்டியது தன்னைத்தான் என்று அந்த அப்பாவிக்கு எங்கே தெரியும்!

குளிர்பெட்டி வைத்த பெரிய லாரியில் பழமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன் அவன். இத்தனை வருடத்தில் வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று மெச்சி, குடும்பத்தோடு கப்பலில் போய்வரக் கம்பெனியே டிக்கெட் கொடுத்திருந்தது. அவன், அவன் மனைவி, மூன்று வயதைத் தொடப்போகும் மகள் பொட்டு, மனைவியின் தங்கை என்று நான்கு பேர் கிளம்பி வந்திருந்தார்கள். தங்கை வந்தது குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்று பெயர். மாமாவை வம்புக்கு இழுக்க ஒரு ஆள் வேண்டுமே என்பதுதான் உண்மையான காரணம்.

முதல் நாள் சாயங்காலமே வினை ஆரம்பித்துவிட்டது. சாப்பாட்டுக் கூடம் நீளமானது. ஒரு பக்கம் முழுக்க வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். அவற்றுக்கு வெளியே ஆட்கள் நடக்கும் பாதை, அதற்கப்பால் கடல். ஜன்னலோர மேஜையில் பொட்டுவை உயரமான குழந்தை நாற்காலியில் உட்காரவைத்து, அம்மாக்காரி உருளைக்கிழங்கை மசித்து ஸ்பூனில் எடுத்தாள். பொட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"அப்பா வேணும்."

"எதிர்லயே உட்கார்ந்திருக்காரே அப்பா!"

"அது மாமா," என்றாள் பொட்டு.

சித்திக்காரி சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் டம்ளருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். "அக்கா, என்னைப் பார்க்காதே. அக்கா புருஷனை நான் மாமான்னுதான் கூப்பிட முடியும். பேர் சொல்லியா கூப்பிடுவேன்?"

குழந்தையின் மேல் தப்பே சொல்ல முடியாது. எந்த ஊரில் இருந்தாலும், பொட்டு சாப்பிடும் நேரத்துக்கு லாரியை ஓரங்கட்டிவிட்டு வீட்டுக்கு வீடியோ கால் போடுவது அவன் வழக்கம். ஸ்டியரிங் பக்கத்து ஸ்டாண்டில் போன், தலையில் தொப்பி, தோளுக்குக் குறுக்கே பெல்ட். அங்கே வீட்டில் தண்ணீர் ஜாடிமேல் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் பொட்டு. அவளுக்கு ஒரு வாய், அவனுக்கு ஒரு வாய். அவள் விழுங்கினால் இவன் ஹாரன் அடிப்பான். "என் பொண்ணு நான் இல்லாம ஒரு பருக்கை தொடமாட்டா" என்று சக டிரைவர்களிடம் பீற்றிக்கொள்ளாத நாளில்லை. வீட்டுக்கு வரும்போதோ, தொப்பியும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. போர்வைக்குள் மரக்கட்டையாகத் தூங்கி, அலுப்பு தீர்ந்ததும் கிளம்பிப் போய்விடுவான். அப்படி எப்போதாவது வந்து தூங்கிவிட்டுப் போகிற அந்த ஆளைச் சித்தி மாமா என்கிறாள். ஆகவே பொட்டுவுக்கும் மாமா. அப்பா போனில் இருப்பவர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று இந்தப் புத்திசாலிக் குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதுவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"செல்லம், நான்தாண்டா அப்பா," என்றான் அவன், முகத்தை அவள் பக்கம் நீட்டி.

பொட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பொய் சொல்லக்கூடாது மாமா."

அவனுக்குச் சுருக்கென்றது. எல்லோரோடும் சேர்ந்து சிரித்துதான் வைத்தான், ஆனால் கையிலிருந்த ஸ்பூனைத் தட்டிலேயே வைத்துவிட்டான். கப்பல் திரும்பிக் கரை சேர்வதற்குள் ஒரே ஒரு தடவை, தன் முகத்துக்கு நேராக, குழந்தை தன்னை அப்பா என்று கூப்பிட்டுவிட வேண்டும். வேறு எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. கடலாவது கப்பலாவது!

சித்தி தன் போனில் பழைய வீடியோ ஒன்றைத் தேடிப்பிடித்து ஜாடிமேல் சாய்த்துவைத்தாள். தொப்பியோடு அப்பா வந்ததும் பொட்டுவுக்கு வாயெல்லாம் பல்.

"அப்பா, கப்பல் பாத்தியா?"

"சமத்து! இன்னொரு வாய் வாங்கு," என்றது போன்.

"அப்பா, மீன் எங்க இருக்கு?"

"சமத்து! இன்னொரு வாய் வாங்கு."

பொட்டு போனைக் குப்புறக் கவிழ்த்தாள். "இது அப்பா இல்ல. டிவி."

சரி, தொப்பியைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்காரலாமே என்று சித்தி யோசனை சொன்னாள். அவனும் அறைக்கு ஓடிப்போய் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தான். குழந்தை வீறிட்டு அழுத அழுகையில் பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "அப்பா தொப்பி! கழட்டு மாமா! அது அப்பா தொப்பி!" திருடனைப் பிடித்தமாதிரி பிடித்துவிட்டாள். அவன் அசடு வழியத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். கடைசியில் கொஞ்சம் பாலைக் குடித்துவிட்டுக் குழந்தை தூங்கிப்போனாள்.

"எல்லாம் நீங்க பழக்கின பழக்கம்," என்றாள் மனைவி.

"நானா? ஜாடிமேல போனைச் சாய்ச்சு வெச்சது யாரு?"

"ரெண்டு பேரும் சண்டை போடுங்க, நான் ஐஸ்கிரீம் வாங்கிட்டு வரேன்," என்று சித்தி எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கும் பொட்டு அதே பிடிவாதம். நாம் எதிரில் இருப்பதால்தான் தொல்லை என்று அவன் கையில் ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு வெளிப் பாதைக்கு நடந்தான். வெயில் அடித்தது, தொப்பியைப் போட்டுக்கொண்டான். பையைக் குறுக்காக மாட்டியிருந்தான். இரண்டு வாயாவது சாப்பிட்டாளா என்று பார்க்க, தங்கள் மேஜை இருந்த ஜன்னலருகில் வந்து குனிந்து எட்டிப் பார்த்தான்.

உள்ளே பொட்டுவின் கண்கள் அகலமாயின. கண்ணாடி வழியாகச் சத்தம் வரவில்லை. ஆனால் அந்த வாய் என்ன சொல்லிற்று என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்பா!

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சட்டென்று இன்னும் கொஞ்சம் முழங்காலை மடக்கி, முகமும் மார்பும் மட்டும் ஜன்னலில் தெரியும்படி நின்றுகொண்டான். போனில் எப்படித் தெரிவானோ, அச்சு அசலாக அப்படியே. பை வாரே பெல்ட் ஆயிற்று. ரொட்டியை ஒரு கடி கடித்தான். உள்ளே பொட்டு வாயைத் திறந்தாள். அம்மாக்காரி இதுதான் சமயம் என்று முட்டையை ஊட்டினாள். அவள் விழுங்கினதும் இவன் ஸ்டியரிங்கை அழுத்துவதுபோல் கையைக் காட்டி, வாயாலேயே ஹாரன் அடித்தான். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு வயதான தம்பதி அவனைச் சுற்றிக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். கப்பல் சிப்பந்தி ஒருவர் வந்து, உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று விசாரித்தார். முடியவில்லைதான், தொடை இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. ஆனால் குழந்தையின் தட்டு காலியாகும்வரை அவன் நிமிரவில்லை.

பொட்டு ஜன்னலைத் தட்டினாள். "அம்மா, அப்பா சத்தம் வரல."

"நெட்வொர்க் சரியில்லடா கண்ணு," என்றாள் அம்மாக்காரி, முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல். சித்தி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரை ஏறிவிட்டது.

தொப்பியைப் பைக்குள் திணித்துக்கொண்டு அவன் உள்ளே வந்தபோது பொட்டுவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "மாமா! அப்பா வந்தாரே!"

"அப்படியா? என்ன சொன்னாரு?"

"ஹாரன் அடிச்சாரு. அப்பா ரொம்ப நல்லவரு." கொஞ்சம் யோசித்துப் பார்த்து, பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, "நீயும் நல்ல மாமாதான். அப்பா மாதிரியே இருக்கே," என்றாள்.

அதற்கப்புறம் மூன்று வேளையும் அவன் ஜன்னலுக்கு வெளியேதான் சாப்பிட்டான். பரிமாறுகிறவர் விஷயத்தைப் புரிந்துகொண்டு, கேட்காமலே அவனுக்கு வெளியில் எடுத்துப்போகத் தோதாக ரொட்டிக்குள் காய் வைத்து மடித்துக் கொடுத்தார். உண்மையைச் சொன்னால், அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. ஜன்னலில் அப்பாவாக இருந்தான். மற்ற நேரத்தில் மாமாவாக அவள் விரலைப் பிடித்துக்கொண்டு கப்பல் முழுக்கச் சுற்றினான். மாமாவின் தோளில் ஏறி நின்று பொட்டு கடலுக்கு டாட்டா காட்டினாள். மாமாவின் சட்டையில் மூக்கைத் துடைத்தாள். தன்னைப் பற்றித் தன் மகள் இன்னொருவரிடம் சொல்வதைக் கேட்கும் பாக்கியம் எந்த அப்பனுக்குக் கிடைக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

குழந்தைகளுக்கான ஆழமில்லாத குளத்தின் விளிம்பில் ஒரு மத்தியானம் இருவரும் காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொட்டு தன் காலை அவன் காலுக்குப் பக்கத்தில் நீட்டி அளவு பார்த்தாள்.

"மாமாவுக்கு எவ்ளோ பெரிய காலு!"

"ஆமாடா."

"அப்பாவுக்குக் காலே இல்ல."

அவன் திரும்பிப் பார்த்தான். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் பாத்தேன். அப்பா இதுவரைக்கும்தான் இருக்காரு." தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினாள். "நடக்க முடியாதுல்ல? அதான் அப்பா வீட்டுக்கே வரல. வண்டியிலயே இருக்காரு. பாவம்."

சொல்லிவிட்டுத் தண்ணீரை எற்றி விளையாட ஆரம்பித்துவிட்டாள். அவனுக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பா ஏன் வரவில்லை என்று குழந்தை ஒருநாளும் கேட்டதில்லை, அழுததில்லை. கேட்கத் தெரியாத வயது என்று நினைத்திருந்தான். அவளோ தனக்குள்ளேயே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, அப்பாவின்மேல் குற்றம் இல்லாதபடி பத்திரமாக வைத்திருக்கிறாள். குளத்துத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான்.

அறைக்கு வந்து மனைவியிடம் சொன்னான். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"அவ தப்பா ஒண்ணும் சொல்லலையே," என்றாள் கடைசியில். "உள்ளூர்ல ஓட்டுற சின்ன வண்டி தர்றோம்னு கம்பெனியே கேட்டாங்க. பெரிய வண்டி ஓட்டினவன் அதுல உட்கார்ந்தா நாலு பேர் சிரிப்பாங்கன்னு சொன்னது யாரு? பார்க்கலாம், பார்க்கலாம்னு நீங்க தள்ளிப் போட்டதுல குழந்தை உங்க காலையே எடுத்துட்டா."

அவன் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, வழக்கம்போல ஜன்னலில் போய் நின்றான். பொட்டு இரண்டு வாய் வாங்கியதும், சாப்பாட்டை நிறுத்தும்படி மனைவிக்குக் கைகாட்டினான். பிறகு பொட்டுவைப் பார்த்து, வா என்று கையசைத்தான். அவள் புரியாமல் பார்த்தாள். இதுவரை அப்பா எங்கேயும் கூப்பிட்டதில்லை. அவன் மெல்ல நிமிர்ந்து அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தான். "அப்பா போறாரு!" என்று அவள் நாற்காலியில் துள்ள, சித்தி அவளைத் தூக்கிக் கீழே விட்டாள்.

வெளியே அவன் நடந்தான். உள்ளே ஜன்னல் வரிசையை அண்ணாந்து பார்த்தபடி அவள் ஓடினாள். ஒவ்வொரு கண்ணாடியிலும் தொப்பி போட்ட தலை வந்து போயிற்று. நாற்காலிகளில் இடித்துக்கொண்டாள். ஒரு இடத்தில் தடுக்கி விழுந்து, அழக்கூட மறந்து எழுந்து ஓடினாள். வரிசை முடிகிற இடத்தில் கூடத்தின் கதவு. தரையிலிருந்து மேலே வரை முழுக்கக் கண்ணாடி. அவன் அதன் முன்னால் வந்து நின்றான். தொப்பி, முகம், பெல்ட், இடுப்பு, முழங்கால், செருப்பு.

பொட்டு நின்றுவிட்டாள்.

கதவு தானாகத் திறந்தது. அவன் ஒரு அடி எடுத்து உள்ளே வைத்தான். அவள் ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. கிட்டே வந்து, குனிந்து, அவன் முழங்காலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு காலையும் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"அம்மா! அப்பாவுக்குக் காலு இருக்கு!"

தட்டோடு போய்க்கொண்டிருந்த பரிமாறுகிறவர் அப்படியே நின்றார். பொட்டு தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்த்து, "அப்பா," என்றாள். அவன் அவளை வாரி எடுத்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்ததை மறைக்க அவன் முயற்சி செய்யவே இல்லை.

தூக்கிக்கொண்டு மேஜைக்கு வந்தபோது பொட்டு அப்படியும் இப்படியும் தேடினாள். "மாமா எங்க? மாமாகிட்ட சொல்லணும்."

சித்தி அக்காவைப் பார்த்தாள், அக்கா அவனைப் பார்த்தாள். அவன்தான் சொன்னான்: "மாமா லாரி ஓட்டப் போயிட்டாரும்மா."

பொட்டு அதை மனதில் வாங்கிக்கொண்டாள். பிறகு அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நீ போயிடுவியா?"

"போக மாட்டேன்."

"குழந்தைகிட்ட பொய் சொல்லாதீங்க," என்றாள் மனைவி தாழ்ந்த குரலில்.

"பொய் இல்ல. திரும்பினதும் அந்தச் சின்ன வண்டியக் கேட்டு வாங்கிக்கிறேன். சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போறான்."

மனைவி பக்கத்து நாற்காலியை அவனுக்காக இழுத்துப் போட்டாள். "உட்காருங்க. சாப்பாடு ஆறுது," என்றாள்.

அவன் உட்கார்ந்தான். உருளைக்கிழங்கை அவனே ஊட்டினான், அவளுக்கு ஒரு வாய், அவனுக்கு ஒரு வாய். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் பொட்டு நாற்காலியிலிருந்து குனிந்து, மேஜைக்கு அடியில் அப்பாவின் கால் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.