மைந்தனின் மொழி

ஓர்கோன் ஆற்றின் இருகரையும் முதிர்ந்த புல்லால் பொன்போர்த்துக் கிடக்க, கொழுத்த குதிரைகளின் கனைப்பொலி வெளியெங்கும் நிறைய, மலைமுகட்டுப் பனியை அளைந்து வந்த கூதிர்க்காற்று கம்பளிக் கூடாரங்களின் வாயில்தோறும் புகுந்து சிலிர்ப்பூட்டும் அந்தி வேளையில், சீனத்துக்கு வடக்கே மேய்ச்சல் வாழ்வு வாழ்ந்த சியோங்னுக் குடிகள் அனைத்தையும் ஆண்ட வேந்தன் தோலுகி, எழுகின்ற திங்களைத் தொழுதுவிட்டுத் தென்திசைப் புழுதியையே நோக்கி நின்றான். வில்லேந்திய இனங்கள் யாவும் அவன் சொல்லுக்கு நடுங்கின. அவன் நெஞ்சமோ கன்றைத் தேடும் ஆவென நடுங்கிற்று.

போரால் இளைத்த தன் குடிகள் தழைக்கவேண்டி முன்னாளில் அவன் சீன அரசவையோடு மணவுறவு கொண்டான். இளவரசி சூயின், பட்டும் தினையும் சுமந்த வண்டிகளோடு வடக்கே வந்தாள்; பிணையாக, தாயற்ற ஒரே மகன் உர்கேன், ஆட்டின் முதுகேறி விளையாடும் பருவத்தில் தெற்கே போனான். அழுதழுது கண்ணீர் வற்றியபின் சூயின் சியோங்னு மொழியைக் கற்றாள். மகனைப் பற்றி வேந்தன் வாய்திறந்தது அவளிடம் மட்டுமே.

இதோ, ஆண்டுகள் பல கழிந்து, பிணை நீங்கி உர்கேன் வந்தான். பட்டுடுத்தி, உச்சியில் கொண்டை முடிந்து, ஏவலன் சேணத்தைப் பற்றக் குதிரையினின்று இறங்கினான். தோலுகி ஓடிச்சென்று தழுவினான்.

"வாடா, என் ஓநாய்க்குட்டி! அப்பன அடையாளம் தெரியுதாடா?"

மைந்தன் மருண்டு விழித்தான். தாய்மொழி அவன் நாவிலிருந்து வெயில்பட்ட பனியாய்க் கரைந்திருந்தது. சீனத்தில் ஏதோ சொன்னான்.

"என்ன சொல்றான்?" என்று சூயினைக் கேட்டான் வேந்தன்.

"உங்களப் பாத்ததுல சந்தோசமாம்."

"பொய் சொல்லாத. அவன் மூக்கச் சுளிச்சத நானும் பாத்தேன்."

அவள் தலைகுனிந்தாள். "ஒரே ஆட்டு நாத்தமாம். எப்பத் திரும்பிப் போகலாம்னு கேக்குறாரு."

"நாத்தமா? இவன் பொறந்ததே ஆட்டுத்தோல் மேலதான்னு சொல்லு!" என்று தோலுகி உரக்க நகைத்தான். உடன் நகைப்பார் எவருமிலர்.

விருந்தில் நீட்டிய குதிரைப்பாற்கள்ளை மகன் இதழால் தொட்டுக் கீழே வைத்தான். தனக்குப்பின் அரசிருக்கை அவனுக்கே என்று வேந்தன் உரைத்ததைச் சூயின் பெயர்த்துச் சொன்னாள். மகன் நெடுநேரம் பணிந்து விடையிறுத்தான்.

"அந்தச் சுமை வேணாமாம். பொண்டாட்டி அங்க இருக்காளாம். அதுதான்... அதுதான் தன் வீடாம்."

வீடு என்ற சொல்லில் அவள் குரல் உடைந்தது.

"போகட்டும். மனசு இங்க இல்லாதவனக் கட்டிப்போட்டு என்ன பண்ண?" என்றான் தோலுகி.

மறுநாட் காலை, மகனின் குதிரை புறப்பட்டபோது சூயின் மெல்லக் கேட்டாள்: "என்னையும் அனுப்பிடுங்களேன்."

இத்தனை ஆண்டுகளில் அவள் கேட்ட முதல் வரம் அது. வேந்தன் அவள் முகத்தைப் பார்க்க ஆற்றாதவனாய் நின்றான்.

"நீ போனா உறவு அறுந்துடும் சூயின். ரெண்டு பக்கமும் பொணம் விழும்."

"தெரியும். கேட்டுப் பாத்தேன், அவ்வளவுதான்."

குதிரை புல்வெளியின் விளிம்பில் சிறு புள்ளியாகி மறைந்தது. மகனுக்கு ஈந்ததை மனைவிக்கு ஈய இயலாத வேந்தனும், தன் சீன மொழியைப் பேச வாய்த்த ஒருவனையும் வழியனுப்பிய அரசியும், அருகருகே நின்றும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லாராயினர். அவ்வாண்டும் எல்லையில் போர் நிகழவில்லை. இருநாட்டுத் தாயரும் தம் மக்களை மார்போடணைத்து உறங்கினர். அவ்வுறக்கத்திற்கு விலையாகத் தம் துயிலை இழந்தோர் இருவர் என்பதை அவர்களுள் ஒருத்தியும் அறிந்திலள்.