இழவு வீட்டைக் கடந்த குரல்

மேற்கே காவிரி தேங்கிய நீர்ப்பரப்பில் சாய்வெயில் செம்பை உருக்கி ஊற்றியதுபோல் கிடக்க, அறுவடை முடிந்த கேழ்வரகுக் காடுகள் தாள்முனை மட்டும் நீட்டி வெறிச்சோடிக் கிடக்க, ஏரியூரை அடுத்த சிற்றூர் ஒன்று ஊராட்சித் தேர்தலின் இரைச்சலுக்கு நடுவே ஓர் இறப்பைச் சுமந்து நின்றது. வேட்பாளர் சவுரியப்பனின் மனைவி, ஈராண்டாய் நோயில் கிடந்தவள், அன்று காலை மூச்சடங்கினாள்.

எக்கட்சி ஊர்தியாயினும் இழவு வீட்டுத் தெருவில் ஒலிபெருக்கியை அணைத்து, அறிவிப்பவன் இறங்கிக் கும்பிட்டபின்னரே அப்பால் செல்வது அவ்வூர் வழக்கம். அறிவழகன் இருபதாண்டாய் அதனை வழுவாத அறிவிப்பாளன். சவுரியப்பனின் எதிரணிக்குக் கத்திவந்த அவன் தொண்டைக்கும் இறந்தவள் சுக்குநீர் கொடுத்திருக்கிறாள். இம்முறை கட்சியினர் அவனை ஏற்றாது, குரலை மட்டும் பதிவுசெய்து மூன்று ஊர்திகளில் ஏற்றினர். எழுதித் தந்த வசையை, கைதட்டலுக்கு ஆசைப்பட்டு, அவனே மேலும் கூர்தீட்டிப் பேசியிருந்தான். வேண்டுமிடத்தில் வாயை மூடிப் பழகியவன், மூடுவதற்கு வாயே இல்லாத குரலொன்றைத் தெருவில் விட்டுவிட்டதை எண்ணிப் பார்க்கவில்லை.

பூமாலையோடு இழவு வீட்டுக்கு வந்த அறிவழகனைச் சவுரியப்பன் எழுந்து கைபற்றினார்.

"வாங்க அறிவு. வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க."

அப்போது தெருமுனையில் அவன் குரலே முழங்கிற்று: "கட்டில்ல கெடக்கறவளக் காட்டி ஓட்டுப் பிச்சை எடுக்கற சவுரியப்பா! அவ போயிட்டா எதைக் காட்டுவ?"

கூடியிருந்த தலைகளெல்லாம் அறிவழகனை நோக்கித் திரும்பின. சவுரியப்பன் மட்டும் பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்பவர்போல் தாழ்ந்து சொன்னார்: "எம் மக ஜெபம் சொல்லோணுங்க. அதுவரைக்கும் அத நிறுத்தச் சொல்லுங்க."

அறிவழகன் ஓடிப்போய் ஊர்தியை மறித்தான். ஓட்டுநர் மாதவராஜ் சிரித்தான்.

"உங்க வாய்க்கு நான் எப்படிங்கண்ணா பூட்டுப் போடறது? நிறுத்துனா என் வேலை போயிடுமுங்க."

"மாதவா, சாவு வூடுடா!"

"பேசறப்ப தெரியலீங்களா? அந்தம்மா அப்பவே சாகத்தானுங்களே கெடந்தாங்க."

அறிவழகன் ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கினான். அது அடங்கியது. உடனே அடுத்த தெருவிலிருந்து அதே குரல் எழுந்தது, ஏரிக்கரையிலிருந்து இன்னொன்று. எத்திசை ஓடுவதென்றறியாமல் நடுத்தெருவில் நின்றான்.

உள்ளே மகள் ஜாஸ்மின் மெல்லத் தொடங்கிய ஜெபம் அவ்விரைச்சலில் மூழ்க, அவள் குரலை உயர்த்தினாள், மேலும் உயர்த்தினாள், ஈற்றில் தாயின் தலைமாட்டில் நின்று கத்தினாள். வசை உரத்து ஒலிக்கும் ஊரில் இறைவனை அழைப்போரும் கத்தித்தான் அழைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கத்தலில், தாய்க்காக எழுந்த சொல் எது, தந்தைமேல் விழுந்த சொல் எது என்று வெளியே நின்றவனால் பிரித்தறிய முடியவில்லை.