உப்புத் தண்ணீருக்கு முன்

கென்யாவின் எல்டொரெட் நகரத்து மாவு ஆலையில் வேலை பார்க்கும் நாற்பது பேரின் மூக்கிலிருந்து நீர் எடுப்பதுதான் நர்ஸ் நாலியாகாவுக்குக் கொடுத்த வேலை. கோதுமைத் தூசு பட்டுப் பட்டு அவர்களில் பாதிப்பேருக்கு ஓயாத தும்மல். ஒவ்வாமை மூக்குக்குள் எவ்வளவு அழற்சியை உண்டாக்கியிருக்கிறது என்பதை அந்த நீரில் அளந்துவிடலாம். நீரை எப்படி எடுத்தால் அளவு சரியாக வரும் என்பதுதான் ஆராய்ச்சி. உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுவது ஒரு வழி, குட்டிப் பஞ்சு வைப்பது இன்னொன்று, உறிஞ்சும் காகிதப் பட்டையைச் செருகுவது மூன்றாவது. ஒரே ஆளிடம், ஒரே காலையில், மூன்றும்.

கழுவல்தான் முதலில் என்று திட்டத்தாளில் இருந்தது. முதல் நாளே அது அவளை உறுத்தியது.

மூட்டை தூக்கும் மகோகா அண்ணாந்து உட்கார்ந்தார். அவள் பத்து எண்ணுவதற்குள் பாதித் தண்ணீரை விழுங்கிவிட்டு, மீதியைக் கிண்ணத்தில் சீறினார். பிறகு வைத்த பஞ்சும் பட்டையும் வெறும் உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தன.

"சிஸ்டர், என் மூக்கென்ன கிணறா? இறைச்சுக்கிட்டே இருக்கீங்க!"

"கொஞ்சம் பொறுங்க மகோகா. எனக்கே இது பிடிக்கலே."

அன்றே, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் செருயோட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள்: கழுவிய மூக்கில் அப்புறம் உறிஞ்ச என்ன மிச்சம் இருக்கும், பட்டையை முதலில் வைக்கலாமா? இரண்டு நாள் கழித்து ஒரே வரி வந்தது: 'திட்டப்படியே செய்யவும்.'

செய்தாள். நாற்பது மூக்கு, ஐந்து வாரம். ஒருவரிடம் கழுவல் நீர் கிண்ணம் நிறைய வந்தது, அடுத்தவரிடம் அடிமட்டத்துக்குத்தான். எது எவ்வளவு நீர்த்துப்போனது என்று யாருக்கும் தெரியாது.

ஆய்வகக் கணக்கு வந்ததும் டாக்டர் அவளைக் கூப்பிட்டார்.

"பட்டையில ஒண்ணுமே இல்லையே நாலியாகா. சரியா வச்சீங்களா?"

அவளுக்குச் சுரீரென்றது. "வச்சேன் சார். ரெண்டு நிமிஷம், கடிகாரம் பார்த்து. முதல் நாளே எழுதியிருந்தேனே!"

"எப்போ?"

கைப்பேசியில் அந்த மின்னஞ்சலைத் திறந்து மேசைமேல் வைத்தாள். அவர் படித்தார். தன் பதிலையும் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி... வரிசையை மாத்தி இன்னொரு தடவை எடுங்க."

சொல்வது சுலபம். அறுவடை முடிந்து ஆலை இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் ஆட்களை விட மறுத்தார். நாலியாகா ஒவ்வொரு இடைவேளைக்கும் வாசலில் நின்றாள். தேநீரும் மண்டாசி என்னும் பொரித்த ரொட்டியுமாக வந்தவர்கள் அவளைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி நழுவினார்கள்.

"தண்ணி கடைசியிலதான்னா வரேன்," என்றார் மகோகா. அவரோடு சேர்த்துப் பதினான்கு பேர்தான் தேறினார்கள்.

இந்த முறை பட்டை பேசியது. தும்முகிறவர்களுக்கும் தும்மாதவர்களுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. கழுவலில் அது பாதி கரைந்துபோயிருந்தது. பஞ்சு இரண்டுக்கும் நடுவில்.

"அருமை," என்றார் டாக்டர். "ஆனா பதினாலு பேர் போதாது. அடுத்த அறுவடைக்கப்புறம் மறுபடி நாற்பது பேர் வேணும்."

நாலியாகாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. வெளியே வந்து, ஆலைக்குப் போகும் மட்டாட்டு வேனில் ஏறினாள். மேற்பார்வையாளரிடம் இப்போதே பேசிவைக்க வேண்டும்.