மேல்படுக்கை

"கேபின்ல எத்தன பேரு படுக்கலாமுங்க?"

"கீழ ஒருத்தரு, மேல ஒருத்தரு. ஏங் கேக்கற?"

"சும்மாதானுங்க."

நிச்சயம் முடிந்த வாரத்தில் அனிதாவும் அறிவும் போனில் பேசிக்கொண்டது இது. அவள் மோகனூரில் இருந்தாள். அவன் நாக்பூர் தாண்டி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரே ஒரு லோடுக்காவது அவனோடு போய்வர வேண்டும் என்பதுதான் அந்தச் 'சும்மா'. கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. இன்னும் அவள் கேட்கவில்லை. அவன் போன ஊர்களின் பெயர்கள் மட்டும் போன் வழியே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன.

இப்போது அறிவு சொந்தமாக ஒரு புது லாரி எடுத்திருந்தான். பாடி கட்டும் பட்டறைக்காரர்கள் ஒரு ஆப் கொடுத்திருந்தார்கள். கேபின் படத்தை விரலால் திருப்பலாம், சாமான்களைச் சேர்க்கலாம், எடுக்கலாம். பழக்கப்பட்ட டிரைவர்கள் எல்லாரும் உள்ளே வந்து ஓட்டுப் போடலாம்.

"அண்ணா, இது என் டிசைன் இல்ல, உங்க டிசைன்" என்றான் வீடியோ காலில் பட்டறையின் டிசைனர் கௌசிக்.

அவனுடையது இல்லை என்பதை அறிவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனிதா உடனே நம்பினாள். புத்தி உள்ள யாருடையதாகவும் அது தெரியவில்லை. ஒரு குட்டி ஃபிரிட்ஜ். சாமி படத்தைச் சுற்றி ஓடும் கலர் லைட். கல்யாண மண்டபத்துக்கே போதுமான ஸ்பீக்கர். மூன்று ஹாரன் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவன் அறிவின் பழைய கூட்டாளி தீனதயாளன். அவன் தன் லாரியை விற்றுவிட்டுக் கோழிப்பண்ணை வைத்து நாலு வருடமாகிறது.

"அவரு கோழிக்கு ஹாரன் கேக்குதாமா?" என்றாள் அனிதா.

"நாலு பேரு யோசன சொன்னாத்தான் பொருளு நல்லா வரும். உனக்கு இதெல்லாம் புரியாது."

'இந்தக் கேபின் உங்களுக்கு எந்த உணர்வைத் தருகிறது?' என்று ஆப் கேட்டது. கீழே அஞ்சு பொம்மை முகங்கள். அறிவு தாடையைச் சொறிந்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"என்ற மொகத்த ஒரு நாளாச்சும் இப்பிடிப் பாத்திருக்கறீங்களா?" என்றாள் அனிதா.

"உனக்கென்ன அஞ்சு மொகமா இருக்குது?"

"இருக்கறது ஒண்ணுதானுங்க. அதுக்கே ஆளக் காணோம்."

அவன் சிரித்துக்கொண்டே சிரிக்கும் பொம்மையைத் தொட்டான்.

ஸ்பீக்கருக்கு இடம் போதவில்லை. 'இப்ப எவன் கிளீனர் வெச்சு ஓட்டறான்? மேல்படுக்கையத் தூக்கு' என்று தீனதயாளன் எழுதினான். ஓட்டுகள் மளமளவென்று விழுந்தன. அறிவு விரலால் இழுத்ததும் மேல்படுக்கை மறைந்தது. அந்த இடத்தில் கறுப்பாக ஒரு ஸ்பீக்கர் பெட்டி வந்து உட்கார்ந்தது.

"சூப்பர்ண்ணா. ஃபைனல் பண்ணிரலாமா? எல்லாரும் சொல்லிட்டாங்க" என்றான் கௌசிக்.

"ஆமாப்பா, எல்லாத்தயும் கேட்டாச்சு" என்றான் அறிவு.

எல்லாரையும். அனிதாவுக்கு அந்த ஆப்பின் மேல், கௌசிக்கின் மேல், பெருமையோடு விரலை நீட்டிக்கொண்டிருந்த புருஷனின் மேல் இளக்காரம் வந்தது. பிறகு எல்லாரையும் விடத் தன் மேல்தான் அதிகம் வந்தது. கோழிப்பண்ணைக்காரன் கூசாமல் மூன்று ஹாரன் கேட்கிறான். அவளால் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. 'சும்மாதானுங்க'. த்தூ.

திரைக்குப் போன அவன் விரலை எட்டிப் பிடித்தாள்.

"ஏனுங்க, அந்த மேல்படுக்க இருக்கட்டும்."

"ஆருக்கு?"

"எனக்கு. ஒரு லோடுக்காச்சும் உங்ககூட நானும் வாரேன். கூட்டிட்டுப் போங்க."