பாலம்மாள் ஃபைலில் இருந்த பொட்டு

பரிபூரணத்துக்கு ஜூடியைக் கண்டாலே வயிறு எரிந்தது. ஜூடி கெட்டவளாக இருந்திருந்தால் சங்கடமில்லை. திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருக்கலாம். அவள் நல்லவளாக இருந்து தொலைத்தாள்.

இரண்டு பேரும் ராஜபாளையத்தில் ஒரு அறக்கட்டளையில் வேலை பார்த்தார்கள். புற்றுநோயும் சிறுநீரகக் கோளாறுமாகப் படுக்கையில் கிடப்பவர்களுக்கு நர்ஸ் எப்போது போக வேண்டும், வலி மாத்திரை எங்கே வாங்குவது, யார் வீட்டில் வாட்டர் பெட் சும்மா கிடக்கிறது, உதவித்தொகை மனுவில் யார் கையெழுத்து என்று அத்தனையையும் கோத்துக் கொடுப்பது அவர்கள் வேலை. எட்டு வருஷமாகப் பரிபூரணம் ஒருத்திதான் அதைச் செய்தாள். ஆறு மாதத்துக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஜூடி வந்து சேர்ந்தாள். வந்த மூன்றாம் வாரமே ஆண்டிச்சாமி வீட்டில், அந்தச் சின்னப் பிள்ளை வரலியா என்று கேட்டார்கள். முத்துப்பேச்சி வீட்டில் ஜூடிக்கென்று தனியாக மீன் குழம்பு எடுத்து வைத்தார்கள். இத்தனை நாள் போய்வந்தும் பரிபூரணத்துக்கு அந்த வீட்டில் காபியோடு சரி.

மிச்சமிருந்தது பாலம்மாள் மட்டும்தான். சோழபுரத்துக்காரி, பேண்டேஜ் கம்பெனியில் தறி ஓட்டியவள். இரைப்பையில் புற்று. பரிபூரணத்தின் கையைப் பிடித்தால் லேசில் விடமாட்டாள். அந்தக் கை ஒன்றாவது தனக்கே தனக்கென்று இருப்பதாகப் பரிபூரணம் நினைத்தாள். மேனேஜர் எபனேசர் ஒரு திங்கட்கிழமை அதையும் பிடுங்கினார். உங்களுக்கு வீடு கூடிப்போச்சு, சோழபுரத்தை ஜூடி பார்க்கட்டும் என்று சொல்லி, ஃபைலைக் கொடுத்துவிடச் சொன்னார்.

ஃபைலில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தன் நோய் என்னவென்று நோயாளிக்குத் தெரியக்கூடாது என்று வீட்டார் கேட்டுக்கொண்டால், அட்டையின் மூலையில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டுவார்கள். பொட்டு இருக்கிற வீட்டில் புற்று என்ற பேச்சே எழக்கூடாது, எல்லாம் அல்சர்தான். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே பரிபூரணம்தான். நெற்றியில் பொட்டு வைக்காத கிறிஸ்தவப் பெண் மாதாமாதம் பொட்டு வாங்குவதைப் பார்த்துக் கடைக்காரர்கூடக் கிண்டலடிப்பார். பாலம்மாளின் ஃபைலிலும் பொட்டு இருந்தது. ராணுவத்தில் இருக்கும் மகன் பாண்டிதுரை, அம்மா தாங்கமாட்டாள் என்று போனில் அழுது கேட்டிருந்தான்.

ஃபைலைக் கொடுக்குமுன் பரிபூரணம் அந்தப் பொட்டை நகத்தால் உரித்தாள். ஜூடி நோயின் பெயரைப் போட்டு உடைப்பாள், வீடு ரெண்டுபடும், இனி அவள் வாசல்படி மிதிக்கக்கூடாது என்பார்கள், பாலம்மாள் தன்னிடமே திரும்பி வருவாள். திட்டத்தில் ஒரு ஓட்டை இல்லை. பாலம்மாளுக்கு அதில் என்ன ஆகும் என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பாலம்மாளின் மருமகள் கார்த்திகாவிடமிருந்து போன் வந்தது. அத்தைக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு, உடனே வாங்க என்று அழுதாள். பரிபூரணத்துக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. ஸ்கூட்டியில் போகிற வழியெல்லாம் முகத்தைக் கவலையாக வைத்துப் பழகிக்கொண்டே போனாள்.

அங்கே பாலம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யார் யாரை வந்து பார்க்கச் சொல்ல வேண்டும் என்று அவள் பேர் பேராகச் சொல்ல, ஜூடி எழுதிக்கொண்டிருந்தாள். கார்த்திகா மூக்கை உறிஞ்சினாலும் முகம் தெளிந்திருந்தது. ஜூடி எழுந்து வந்து தணிந்த குரலில் பேசினாள். ஃபைலில் பொட்டு இல்லையே என்றுதான் தைரியமாகப் பேச்செடுத்தாளாம். அப்போதும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. உடம்புக்கு என்னவென்று நினைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறாள். பெயரைச் சொன்னது பாலம்மாளேதான். பொட்டு எங்கேயாவது ஒட்டாமல் விழுந்திருக்கும் என்றாள் பரிபூரணம்.

பாலம்மாள் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"மதுரையில டாக்டரு என்னைய மட்டும் வெளிய உக்காரச் சொன்னாருல்ல, அப்பவே தெரியும் ஏட்டி. நீ வாரப்பல்லாம் அல்சரு அல்சரும்ப. ஒம் மனசு சங்கடப்படக்கூடாதேன்னு நானும் தலையாட்டுவேன். வலியக்கூடத் தாங்கிருவேன், ஒன் முன்னால நடிக்கதுதான் பெரிய அசதி. இனிமே இந்தப் பிள்ளையே வரட்டும். கோவிச்சுக்கிடாத."

கோபமெல்லாம் இல்லை என்றாள் பரிபூரணம். கோபம்தான். இரண்டு வருஷம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தும் தனக்குக் கிடைக்காதது ஒரே காலையில் இவளுக்குக் கிடைத்ததே என்று நெஞ்சு காந்தியது. அந்த ஒரு கேள்வியைத் தான் ஒருநாளும் கேட்டதில்லை என்று நினைத்தபோது இன்னும் காந்தியது.

"பாண்டிதுரைக்கு நீயே போன் போட்டுச் சொல்லிரு. ஒன் பேச்சத்தான் அவன் நம்புவான்" என்றாள் பாலம்மாள்.

போனை எடுத்ததும், அம்மாவுக்குத் தெரியாதுல்ல அக்கா என்றுதான் அவன் வழக்கம்போல ஆரம்பித்தான். தெரியும் என்றாள். யார் சொன்னது என்று கேட்டான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் தம்பி" என்றாள் பரிபூரணம்.

அவன் உடைந்து அழுதான். அம்மாவிடம் பொய் பேச முடியாமல்தான் போன் போடுவதையே குறைத்ததாகச் சொன்னான். லீவு கேட்டு இந்த வாரமே கிளம்புவதாகச் சொன்னான். உங்களுக்கு எம்புட்டு நன்றி சொன்னாலும் பத்தாதுக்கா என்றான்.

ஜூடி குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். பாலம்மாள் பரிபூரணத்தையே பார்த்தாள். பரிபூரணம் அந்த நன்றியை ஜூடியின் முன்னால் உட்கார்ந்தே வாங்கிக்கொண்டாள்.