மதில் தாண்டிய மஞ்சள் ஒயர்

...முப்பத்தொன்று, முப்பத்தொரு சதவீதம் மின்சாரம் மிச்சம், இன்னும் பத்து நிமிடத்தில் மேடையேறி இதைச் சொல்லிவிட்டு இறங்க வேண்டியதுதான், நேற்று வரை தேனாக இனித்த எண் இன்றைக்கு மீன்முள்ளாகத் தொண்டையில் நிற்கிறது, எல்லாம் அந்த மஞ்சள் ஒயரால் வந்த வினை. காலையில் பதினொன்றாம் வீட்டு அக்காவைக் கூட்டத்துக்கு அழைக்கப் போனவள் வாசலோடு திரும்பித் தொலைத்திருக்கக் கூடாதா, கொல்லைப்புறம் எட்டிப் பார்ப்பானேன்... அங்கே வாஷிங் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, அதன் ஒயர் மதில் ஏறிக் குதித்துப் பன்னிரண்டாம் வீட்டு ஜன்னலுக்குள் போனது. பன்னிரண்டில் எங்கள் ஆய்வு மீட்டர் கிடையாது. ஒரு வீடு விட்டு ஒரு வீடு மாட்டு, அதுதான் ஆராய்ச்சிக்கு அழகு என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னார், நானும் பூம்பூம் மாடாகத் தலையாட்டி மாட்டினேன், மீட்டர் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் மீட்டர் இல்லாத ஒரு பக்கத்து வீட்டை என் கையாலேயே தானம் செய்திருக்கிறேன்.

என்னக்கா இது என்றேன். அக்கா துளியும் அசரவில்லை. "நீதானேம்மா கரண்ட்டு குறைக்கணும்னு சொன்ன, குறைச்சாச்சு." மத்த வீட்லயும் இப்படித்தானா என்று கேட்டதற்கு, "ஆமா, நீ கேட்டா யாரும் மறைக்க மாட்டாங்க, நீ கேக்கவே இல்லியே" என்றாள். கேட்கவில்லைதான். நாற்பத்திரண்டு கேள்வி, ஃபிரிட்ஜை ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கிறீர்கள் என்றுகூட உண்டு, கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் இல்லை, இவ்வளவு படித்து என்ன புண்ணியம். அளவு குறைந்த வீட்டுக்குச் சிரிக்கிற முகம், கூடின வீட்டுக்கு அழுகிற முகம் என்று மாதாமாதம் கதவில் ஒட்டியது வேறு என் யோசனை. "அழற மூஞ்சிய ஒட்டுறப்ப உன் மூஞ்சியும் அப்படியே ஆயிடுதும்மா, பாக்கச் சகிக்கல, அதான் தெருவே பேசி முடிவு பண்ணோம்..." இதற்கு நான் கோபப்படுவதா, கட்டிக்கொண்டு அழுவதா? இரண்டும் செய்யாமல் காபி குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது மேடையில் பேராசிரியர் கத்திக்கொண்டிருக்கிறார், மைக் இல்லை, ஃபேன் இல்லை, அழைப்பிதழால் எல்லோரும் விசிறிக்கொள்கிறார்கள். இதே முறையை ஊர் முழுக்கக் கொண்டு போறோம், மூணே வருஷத்துல தூய மின்சாரம், காலநிலை இலக்கெல்லாம் கைக்கெட்டுற தூரம்தான் என்கிறார், நகராட்சித் தலைவர் ஆமோதிக்கிறார். எழுந்து உண்மையைச் சொல்லலாம், சொன்னால் என் நான்கு வருட ஆய்வு அம்பேல். சொல்லாவிட்டால் ஊரே மதில் தாண்டும்... வீட்டில் அம்மா இப்போதே என்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள், சித்தி மூட்டுவலிக்கு மாத்திரை கேட்கிறாள். ஆனால் பொய்யென்று தெரிந்த எண்ணை வாயால் சொல்வது எப்படி? சொல்லிவிடப் போகிறேன், ஆமாம், எழுந்ததும் முதல் வாக்கியமே அதுதான்.

என்னைக் கூப்பிட்டார்கள். லேப்டாப்பைத் திறந்தால் நான்கு சதவீதம் சார்ஜ், சுவரில் செருகினால் உயிரே இல்லை. இரண்டாம் வரிசையில் இருந்த அக்கா எழுந்து வந்து காதோடு சொன்னாள், "இந்தக் கூடத்துலயும் உன் மீட்டர் இருக்குல்ல, இன்னிக்குனு பாத்து ஏறிடக் கூடாதுன்னு நாங்கதான் மெயின ஆஃப் பண்ணி வச்சோம், நீ பதறாத." வெளியே போனவள், ஜன்னல் வழியாக மஞ்சள் ஒயரின் பிளக் பாக்ஸ் முனையை நீட்டினாள். சட்டென்று வாங்கி லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் அதில் செருகினேன், தேங்க்ஸ்க்கா என்றுகூடச் சொன்னேன். திரையில் முப்பத்தொன்று ஆளுயரத்துக்கு எரிந்தது, தெருவே கைதட்டியது, முதல் வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது, இந்தக் கரண்ட் யார் வீட்டிலிருந்து வருகிறது என்று நான் இப்போதும் கேட்கவில்லை.