ஒரே ஆற்றின் முப்பத்தெட்டு வரைபடங்கள்

என் மகள் ஓடிப்போய் ஏழு வருடம் ஆகிறது. ஓடிப்போனாள் என்றால் யாருடனும் இல்லை; உதவித்தொகை கொடுத்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு. ஆறு எப்படித் தடம் மாறுகிறது என்பது அவள் ஆராய்ச்சி. அவள் எப்படி மாறினாள் என்பதைத்தான் நான் இங்கே உட்கார்ந்து ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்.

இந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் புவியியல் பிரிவு என் பொறுப்பு. எதை வாங்குவது, எதைக் கழிப்பது என்று தீர்மானிக்கிறவள் நான். மற்ற பிரிவுகளில் புதிய பதிப்பு வந்ததும் பழையதைக் கழித்துக்கட்டிவிடுவார்கள். புவியியலில் அப்படிச் செய்தால் குடி கெட்டது. ஆறு இன்று கிடக்கிற இடத்தில் நாளை கிடக்காது. முன்பு எங்கே ஓடியது என்று பழைய வரைபடம்தான் சொல்லும். இதைக் கொள்முதல் குழுவுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

போன முதல் வருடமே அவள் போனில் சொன்னாள்: "அம்மா, இங்க எல்லாமே இருக்கு. நம்ம ஆத்தோட பழைய மேப் மட்டும் எங்கயும் இல்ல."

அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பித்து. அந்த ஆற்றுக்கு மொத்தம் முப்பத்தெட்டு நில அளவை வரைபடத் தாள்கள். அத்தனையும் நம்மிடம் இருந்தால் இவள் வந்துதானே ஆகவேண்டும்? குழுவில் ஆராய்ச்சி, வருங்காலத் தலைமுறை என்றெல்லாம் பேசினேன். பேசியது பொய்யில்லை, பலர் வந்து பயன்படுத்தவும் செய்கிறார்கள். ஆனால் என் ஆசை பிள்ளை முகத்தைப் பார்க்க. அவ்வளவுதான்.

ஓர் அலுவலகம் இடம் மாறியபோது குப்பையில் எறிந்த சுருள்களில் ஒன்பது கிடைத்தன. ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரின் கட்டிலுக்கடியிலிருந்து பதினொன்று. சுருண்டு விறைத்த தாளை லேசாக ஈரப்பதம் காட்டி, மையொற்றும் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே பலகை போட்டு, கனமான அட்லஸ்களை ஏற்றிப் பத்து நாள் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் மடிப்போடு கிழிந்துவிடும். என் வீட்டுக்காரர் சிரிப்பார்: "மேப்ப வச்சுப் பொண்ணப் பிடிக்கப் பாக்குறியா? எலிப்பொறி வைக்கிற மாதிரில்ல இருக்கு!"

இரண்டு வருடத்துக்கு முன்னால் வருகிறேன் என்றாள். புது மெத்தையெல்லாம் வாங்கிப் போட்டேன். கடைசி வாரத்தில் ஏதோ கருத்தரங்கு முளைத்தது; வரவில்லை. மூன்று நாள் நான் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன மாதம் முப்பத்தெட்டாவது தாளும் வந்து சேர்ந்தது. போனில் சொன்னேன். "அப்படியா?" என்றாள், வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். நாலு நாள் கழித்து அவளுடைய நூலகத்திலிருந்து எங்கள் நூலகத்துக்கு ஒரு கோரிக்கைப் படிவம் வந்தது. முப்பத்தெட்டுத் தாள்களுக்கும் நகல் வேண்டுமாம். ஆராய்ச்சியாளர் என்ற இடத்தில் என் மகள் பெயர். பெற்ற தாயிடம் கேட்காமல் படிவம்!

வரைபட அறையைப் பார்த்துக்கொள்கிறவரை நாங்கள் பூதக்கண்ணாடி என்போம். கண்ணாடி அவ்வளவு தடிமன். அவர்தான் காதோரம் வந்து சொன்னார்: "மேடம், தாளெல்லாம் நொறுங்குற நிலையில இருக்கு, நேர்ல வந்து பாக்கட்டும்னு எழுதிடுங்க. நூலக விதியே அதுக்கு இடம் கொடுக்குது. பொண்ணு தன்னால வந்து நிக்கும்."

நொறுங்கும் நிலையில் இருந்தவை நாலே நாலு. எல்லாமே அப்படித்தான் என்று எழுதியிருந்தாலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். இரண்டு நாள் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஆனால் படிவத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் தேதியும் இருந்தது, ஐந்தே மாதம். என் ஆசைக்காக அவள் படிப்பில் மண்ணைப் போட மனசு வரவில்லை.

எங்கள் ஸ்கேனர் சின்னது. ஒரு தாளை எட்டுத் துண்டாக எடுத்து, ஓரத்தோடு ஓரம் பார்த்து ஒட்டவேண்டும். பூதக்கண்ணாடியைக்கூடத் தொடவிடாமல் நானே செய்தேன். ஒன்பது நாள். கண் கலங்கியபோதெல்லாம் ஸ்கேனர் வெளிச்சம் என்று அவரிடம் சொன்னேன். பாவம், நம்பினார்.

அனுப்பிய மூன்றாம் நாள் வேலை நேரத்தில் கூப்பிட்டாள்.

"அம்மா! எல்லாம் வந்துடுச்சு. ஒரு கோடுகூட மங்கல. எங்க பேராசிரியர் அசந்துபோயிட்டாரு!"

"சந்தோஷம்டி."

"தர மாட்டாங்கன்னுதான் அவரு நெனச்சாரு. பழைய தாளாச்சே, நீயே போய் மூணு மாசம் உக்காந்து பாத்துட்டு வான்னு பயண நிதிகூட வாங்கி வச்சிருந்தாரு. இப்பத் தேவையில்லன்னு வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டாங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"போன தடவ வரேன்னுட்டு வராமப் போனேன். நீ எப்படி ஆயிட்டேன்னு அப்பா சொன்னாரு. உறுதியானதும் சொல்லலாம்னு பாத்தேன்மா."

படுபாவி! மூன்று மாதம். காலையில் எழுந்தால் வீட்டில் அவள், வேலைக்கு வந்தால் எதிர் மேசையில் அவள். அத்தனையையும் நானே உட்கார்ந்து, துண்டு துண்டாக ஒட்டி, அனுப்பிவிட்டிருக்கிறேன். யாரைத் திட்டுவது? வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்துவிட்டது.

"மேப்பை விடு. எனக்கு உன்னைப் பாக்கணும்டி. வேலையும் வேணாம், காரணமும் வேணாம். சும்மா வா."

அந்தப் பக்கம் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அம்மா," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீ இப்படிக் கூப்பிட்டதே இல்லையேம்மா. உனக்கு மேப்பு போதும்னுல்ல நெனச்சேன். ஏழு வருஷமா நானும் அங்க வர்றதுக்கு ஒரு காரணம் தேடிக்கிட்டே இருந்தேன்."